ஃபியூஸ் வைக்காத பெட்டி

கம்பத்தில் மூன்று கடைக்காரர்கள் கைவிரித்த பிறகுதான் அந்தப் பெட்டி சுமையாவிடம் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற வீடியோ கேம். உள்ளே இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிகிற ஊதா நிறப் பிளாஸ்டிக். அவள் கணவன் முஜிபுர் ரஹ்மான் தம்மாமிலிருந்து முதல் லீவில் வந்தபோது தனக்கென்று வாங்கி வந்தது. அவன் திரும்பிப் போனதும் அது அவனுடைய அத்தா சேக் தாவூதின் கைக்குப் போய்விட்டது. குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் அவர் மேற்பார்வை வேலை பார்த்தார். காய் உலர்த்துகிற நாட்களில் அடுப்பைக் கவனித்தபடி பகல் முழுக்க ஒற்றை ஆளாக இருக்க வேண்டும். மேலேயிருந்து விழும் கட்டைகளை இடைவெளி விடாமல் அடுக்குகிற ஆட்டம் ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. அறுபது வயதில் அவர் அதை ஆடுகிற வேகத்துக்கு மகனாலேயே ஈடுகொடுக்க முடியாது.

எட்டு வருஷம் ஓடியது. போன மழைக்கு, உள்ளே கிடந்த பென்சில் செல் இரண்டும் கசிந்து, ஸ்பிரிங்கும் தகடும் பச்சை பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்துவிட்டன. இனி இந்த மாடலுக்குப் பாகம் கிடைக்காது என்றார்கள் கடைக்காரர்கள். சேக் தாவூது அதைத் துணியில் சுற்றி மனைவி ரம்லத்திடம் கொடுத்து, "மருமகட்ட குடு. அவ பாத்தா சரியாயிரும்," என்று அனுப்பினார்.

சுமையா டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு சால்டரிங் கம்பியை வெளியே எடுக்க அவளுக்குக் காரணம் ஏதும் அமையவில்லை. இப்போது எடுத்தாள். அடுப்படிப் பக்கமாக ஈயம் உருகும் வாசனை வந்தபோதெல்லாம் ரம்லத், "வீட்டப் பொசுக்காம விட்டாச் சரி," என்று முணுமுணுத்தார்.

உதிர்ந்த ஸ்பிரிங்கைத் திரும்ப உண்டாக்க முடியாது. அதனால் செல்லே வேண்டாம் என்று முடிவு செய்தாள். மேஜை டிராயரில் பேர் தெரியாத கம்பெனியின் பழைய செல்போன் பேட்டரி ஒன்று கிடந்தது. லேசாக உப்பியிருந்தாலும் சார்ஜ் ஏறியது. பெட்டிக்கு அதன் மின்னழுத்தம் கொஞ்சம் அதிகம். நடுவில் ஒரு டையோடைச் சேர்த்ததும் சரியாக வந்தது. ஆனால் செல் போடும் குழிக்குள் பேட்டரி நுழையவில்லை, நூலளவு அகலம் கூடுதல். முதுகில் வைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு வயரை ஒரு ஓட்டை வழியாக உள்ளே விட்டாள். ஸ்விட்சைத் தள்ளியதும் ட்டிங் என்று சத்தம் வந்து திரை எரிந்தது. ஒரு ஃபியூஸ் வைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. அந்த அளவில் கம்பத்தில் கிடைக்கவில்லை. தேனிக்குப் போகும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, மாமியும் மருமகளும் குமுளி பஸ் ஏறினார்கள். மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை, துவைத்த கைலிகள், கொஞ்சம் வட்டலப்பம், அந்தப் பெட்டி. எல்லாம் ஒரே ரெக்சின் பையில் இருந்தது. புர்கா போட்டிருந்த சுமையா பையை மடியில் வைத்திருந்தாள்.

"மலையேறும்போது உனக்குக் கொமட்டும். இங்கிட்டுக் குடு," என்று ரம்லத் அதை வாங்கி எதிர்ப்பக்கத்து மேல் தட்டில் வைத்தார். இவர்கள் பக்கத்துத் தட்டு ஏற்கெனவே நிறைந்திருந்தது.

கூடலூரில் ஒருவர் திராட்சைப் பெட்டி இரண்டைக் கொண்டுவந்து அதே தட்டில் ஏற்றி, பையை ஓரமாகத் தள்ளி நெருக்கினார். சுமையா பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்து நிமிர்ந்தபோது, ட்டிங் என்ற சத்தம் அவள் காதில் விழுந்தது. திராட்சைப் பெட்டி நெருக்கியதில் ஸ்விட்ச் தள்ளப்பட்டிருக்கிறது. அதன் பிறகு டிக், டிக், டிக் என்று, ஏதோ பொத்தான் அமுங்கியே கிடப்பதால் விடாமல் வருகிற ஓசை. இறங்கும்போது அணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் பச்சைத் துண்டு. மொக்கைச்சாமி என்று அவர் பெயர் பிறகுதான் தெரிந்தது.

"என்னய்யா இது, டிக்கு டிக்குன்னு?"

எழுந்து நின்று பையின் ஜிப்பை இழுத்தார். கைலிக்கு நடுவில் சிவப்பு விளக்கு எரிந்தது. கறுப்பு டேப் சுற்றிய ஒரு பொருள். இரண்டு வயர்.

"ஏய்! குண்டுய்யா! பஸ்ஸ நிறுத்துங்க, குண்டு!"

சுமையாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இல்லைங்க, அது கேம், என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த மனிதரின் முகம் கண்ணில் பட்டது. உதட்டில் ரத்தமே இல்லை. அவருக்குப் பின்னால் நாற்பது முகங்களும் அப்படியே இருந்தன. திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது. ரம்லத்தின் நகம் அவள் மணிக்கட்டில் ஆழமாகப் பதிந்தது.

டிரைவர் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தார். முன்வழி, பின்வழி, ஜன்னல் வழி என்று ஆட்கள் இறங்கினார்கள். யாரோ ஒருத்தியின் செருப்பு படியில் மாட்டிக்கொண்டது. அந்த ஒரு செருப்புக்காகப் பின்னால் பத்துப் பேர் அலறினார்கள். சுமையா எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஐம்பது அடி தள்ளி, பாறை ஓரமாக எல்லோரும் கூடி நின்றார்கள். கீழே மின்சார நிலையத்துக்கு இறங்கும் ராட்சசக் குழாய்கள் வெயிலில் மினுங்கின. கதவு திறந்தபடி காலியாக நின்ற பஸ்ஸையே எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்தப் பை யாரோடது?" என்று கண்டக்டர் கத்தினார். "யாரு வச்சாக? சொல்லிருங்க!"

கூட்டம் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தது.

என்னுடையது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிதான் அவளுக்கு வரவில்லை. போன மாதம் வடக்கே ஊர் ஊராகக் குண்டு வெடித்திருந்தது. டீக்கடையில் பேப்பர் வாசிக்கிறவர்கள், இவர்கள் தெருக்காரர்கள் வந்தால் பக்கத்தை மடக்கிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுப் பையனைப் போலீஸார் விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போய் நான்கு நாள் கழித்து அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினார்கள். ஆனாலும் அவனுக்குப் பார்த்துவைத்திருந்த பெண் வீட்டார் வரவேயில்லை. முஜிபுரின் பாஸ்போர்ட், அவன் வேலை, மாமாவின் வேலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் மனதில் ஓடின.

"வாயத் தெறக்காத," என்றார் ரம்லத், உதடு அசையாமல்.

அப்புறம் அந்த உதடு அசைந்தது. பயம் வந்தால் அவர் ஓதுகிற குர்ஆன் ஆயத்து. பக்கத்தில் நின்ற ஒரு பெண் சட்டென்று திரும்பி அவருடைய வாயையே பார்த்தாள். ரம்லத் ஓதுவதைப் பாதியில் நிறுத்தி, வெள்ளைத் துப்பட்டியை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அவர் பாதியில் நிறுத்திச் சுமையா பார்த்ததே இல்லை.

"தட்டுக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் கீழ உக்காந்திருந்தேன். எனக்குப் பின்னால இந்தப் பயதான்," என்றார் மொக்கைச்சாமி.

கட்டம்போட்ட சட்டை போட்ட ஒரு வாலிபன். கையில் டிபன் பை. குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்ப்பவன்.

"பேரு என்னடா?"

அவன் டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அஷ்ரப்."

அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை. முதல் அடி காதோரம் விழுந்தது. டிபன் பை கீழே விழுந்து, சோறு தார் ரோட்டில் சிதறியது. "எனக்குத் தெரியாதுங்க, அது என்னோடது இல்லைங்க," என்று அவன் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டே சொன்னான். நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களும் பயந்துபோய்த்தான் அடித்தார்கள். அடிக்கிற கை நடுங்கியதைச் சுமையா பார்த்தாள். அதனால் அடி குறையவில்லை. அவன் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது.

எத்தனை அடி வரை பொறுத்திருந்தோம் என்று பின்னால் அவள் பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறாள். கணக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

"அடிக்காதீங்க!" என்று கத்தினாள். குரல் யாருடையதோ போலக் கேட்டது. "அது என்னோட பை. அந்த அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. அது குண்டு இல்ல, வீடியோ கேம். நான்தான் செஞ்சேன்."

நான்தான் செஞ்சேன் என்று சொல்லியிருக்கக் கூடாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

கூட்டம் அவளைப் பிடிக்க வரவில்லை, விலகியது. அவளையும் ரம்லத்தையும் சுற்றி ஒரு வட்டம் காலியானது. "புர்காவுக்குள்ள இன்னும் என்ன வச்சிருக்காளோ," என்று ஒரு குரல் கேட்டது. "கிட்டப் போகாதீக" என்றது இன்னொன்று. அடிவாங்கிய அஷ்ரப் குந்தி உட்கார்ந்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

யாரோ போன் போட்டதில் கால் மணி நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும். ஏட்டு வயதானவர். வரும்போதே கூட்டம் ஆளுக்கொன்றாகச் சொன்னதைக் கேட்டு அவருக்கும் முகம் வியர்த்திருந்தது. அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

"என்னம்மா அது?"

"வீடியோ கேம் சார். எங்க மாமாவோடது."

"வீடியோ கேமுக்கு வயரு எதுக்கு?"

"உள்ள தகடு வீணாப் போச்சு. அதனால வெளியில பேட்டரி வச்சிருக்கேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் சொல்லித் தரல சார். நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கேன்."

"வீட்டுக்காரரு?"

"சவூதில இருக்காக."

ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு பதிலுக்கும் ஏட்டின் முகம் இன்னும் இறுகியது. தான் சொல்லச் சொல்ல அது வேறு யாருடைய கதையாகவோ மாறுவதை அவள் உணர்ந்தாள்.

"பாம் ஸ்குவாடு வரணும்னா மதுரையிலருந்து வரணும்," என்றார் ஏட்டு பக்கத்துப் போலீஸ்காரரிடம். ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துகொண்டிருந்தன. மேலேயிருந்து வந்த ஜீப்புகள் ஹாரன் அடித்தன. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நீ சொல்றது நெசந்தானா?"

"அல்லா மேல சத்தியமா சார்."

சத்தியத்தையும் வேறு பெயரில் செய்திருக்க வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றியது.

"அப்ப நீயே போயி எடுத்துட்டு வா. மெதுவா. வெளிய கொண்டாந்து அந்தப் பாலத்துச் செவத்துல வை. நாங்க பாக்குறோம்."

அவளுக்கு உயிர் வந்தது. எடுத்துவந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினால் தீர்ந்தது. பஸ்ஸை நோக்கி நடந்தாள். வாசல் வரை வந்த பிறகுதான், எது குறைகிறது என்று புரிந்தது. டிக் டிக் சத்தம் இல்லை.

படியில் ஏறினாள். காலி சீட்டுகள், யாரோ விட்டுப்போன குடை, உருண்டு கிடந்த தண்ணீர் பாட்டில். மூக்கில் பிளாஸ்டிக் காய்கிற வாடை ஏறியது. அந்த வாடையை அவளுக்குத் தெரியும்.

திறந்து கிடந்த பைக்குள் திராட்சைப் பெட்டியின் தகர முனை இறங்கி, டேப்பைக் கிழித்து இரண்டு வயரையும் சேர்த்து அமுக்கியிருந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பேட்டரியில் இருக்கிற மொத்தமும் அந்த ஒரு புள்ளி வழியாகப் பாய்ந்துகொண்டிருந்தது. திராட்சைப் பெட்டியை நகர்த்தினாள். பேட்டரியைத் தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். காலையில் லேசாக உப்பியிருந்தது இப்போது பூரி மாதிரி எழும்பியிருந்தது.

அதுவரை அவளுக்கு இருந்த பயம் மனிதர்களைப் பற்றியது. இது வேறு. இது அவள் கையால் செய்த பயம். ஒரு ஃபியூஸ் வைத்திருந்தால் எப்போதோ அறுந்திருக்கும். திராட்சைப் பெட்டி நிறைய வைக்கோல். பக்கத்தில் மாமாவின் கைலிகள். இன்னும் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. எரிந்துவிட்டால் இவள் சொன்னது எதையும் உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை.

"என்னாடி நிக்கிற?"

திரும்பினாள். ரம்லத். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, படியேறி நின்றார்.

"மாமி, எறங்குங்க. இது வெடிச்சாலும் வெடிக்கும். நெசமாத்தான் சொல்றேன்."

"அங்கன அவங்களோட நிக்கிறதுக்கு இங்கன நிக்கலாம்," என்றார் ரம்லத். "என்ன செய்யணும்னு சொல்லு."

"வயர வெட்டணும். ஏதாச்சும் வேணும். கத்தி, பிளேடு..."

ரம்லத் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலையையும் சுண்ணாம்பு டப்பாவையும் சீட்டில் கொட்டி, பாக்குவெட்டியை எடுத்து நீட்டினார்.

சுமையா கைலியால் பேட்டரியைச் சுற்றிப் பிடித்தாள். துணி வழியாகவும் சுட்டது. இரண்டையும் சேர்த்து வெட்டக் கூடாது, ஒன்றைத்தான் வெட்ட வேண்டும். ஒட்டிய இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் விரற்கடை இடம்தான் இருந்தது. பாக்குவெட்டி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை கறுப்பு வயர் அகப்பட்டது. நறுக்கென்று அறுந்தது. சிவப்பையும் வெட்டினாள். பேட்டரி பெட்டியிலிருந்து பிரிந்தது. ஆனால் சூடு குறையவில்லை, ஏறிக்கொண்டிருந்தது.

"தள்ளுங்க மாமி!"

கைலிச் சுருளோடு கீழே குதித்து ஓடினாள். "எல்லாரும் தள்ளுங்க! தள்ளுங்க!" கூட்டம் அலறிக்கொண்டு மேட்டில் ஏறியது. ஒரு போலீஸ்காரர் லத்தியை ஓங்கிக்கொண்டு எதிரே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். சாலையோரச் சிமெண்ட் ஓடையில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைலியோடு சேர்த்துப் பேட்டரியை அதில் வீசினாள். இரண்டு மூச்சு எடுக்கும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புஸ்ஸென்று சீறி, வெள்ளைப் புகை கொப்புளித்து எழுந்தது. நெருப்பு நாக்கு ஒன்று தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்த்து அடங்கியது.

"பாத்தீகளா! பாத்தீகளா! நான் சொன்னேன்ல!" என்று மொக்கைச்சாமி மேட்டிலிருந்து கத்தினார்.

முடிந்தது என்று நினைத்தாள் சுமையா. அவர் சொல்வது முழுக்கப் பொய்யில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அந்தச் சத்தம் அவர் காதில் விழாமல், பஸ் குமுளி வரை போயிருந்தால்?

ஏட்டு கிட்ட வந்தார். இப்போது அவர் கேள்வி கேட்கவில்லை. "கேமுன்னு சொன்னியே. ஓட்டிக் காட்டு," என்றார்.

பெட்டி ரம்லத்தின் கையில் இருந்தது. பின்புறம் கொஞ்சம் உருகி, வயர்த் துண்டுகள் தொங்கின. ஓட்டிக் காட்டப் பேட்டரி இல்லை.

"யாராச்சும் ஒரு செல்போன் பேட்டரி குடுங்க," என்றாள். "ஒரு நிமிசந்தான். திருப்பிக் குடுத்துர்றேன்."

கண்டக்டர் தன் போனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். ஏட்டு தன் இடுப்பிலிருந்த போனைத் தொட்டார், எடுக்கவில்லை.

குந்தி உட்கார்ந்திருந்த அஷ்ரப் எழுந்து வந்தான். ரத்தம் பட்ட கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனின் பின்மூடியைத் தள்ளி, பேட்டரியைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

ஒட்டியிருந்த வயர்களைப் பிரித்து, நுனிகளைப் பல்லால் சீவினாள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் பேட்டரியில் அழுத்திப் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. சுட்டதில் போர்டே போய்விட்டதோ என்று நினைத்தாள். வயரைச் சற்றுத் தள்ளி அழுத்தினாள். ட்டிங். திரை எரிந்தது. மெல்லிய ஒரு பாட்டு வந்தது.

"மாமி, அந்தப் பொத்தான அமுக்குங்க. அந்தச் செவப்பு இல்ல, அதுக்குப் பக்கத்துல."

ரம்லத் அமுக்கினார். மேலேயிருந்து ஒரு கட்டை விழுந்தது. அவர் கண்டபடி அமுக்க அமுக்க, கட்டைகள் தாறுமாறாகக் குவிந்தன. ஏட்டு குனிந்து பார்த்தார். அவருடைய மூச்சு சுமையாவின் கையில் பட்டது. பத்துப் பதினைந்து கட்டை விழுந்து, ஆட்டம் முடிந்து, திரை நிரம்பியது. அவர் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றி, வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எழவு," என்றார். "இதுக்கா?"

அதோடு விட்டுவிடவில்லை. பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், தெரு, வார்டு, மாமா வேலை பார்க்கும் தோட்டம் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். அஷ்ரப்புடையதையும் எழுதினார். "இவரு எதுக்கு சார்?" என்று சுமையா கேட்டாள். "மேல கேட்டா சொல்லணும்ல," என்றார் அவர். அடித்தவர்களில் யாருடைய பெயரையும் எழுதவில்லை. "இந்த மாதிரி ஒட்டுப்போட்ட சாமானெல்லாம் பஸ்ஸுல ஏத்தாத. இன்னிக்கு உன் நேரம் நல்லாருக்கு," என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் மறுபடி கிளம்பியது. மொக்கைச்சாமி இடத்தில் உட்கார்ந்து, "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டார். சுமையா எழுந்து போய், கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த அஷ்ரப்பிடம் பேட்டரியைக் கொடுத்தாள். அவன் உதடு வீங்கியிருந்தது.

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். பயமாப் போச்சு."

அவன் பேட்டரியைப் போட்டு, போனைத் திறந்து, எரிகிறதா என்று பார்த்தான். வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தப் பைய உங்க மாமி வச்சத நான் பாத்தேன். நான் அதுக்குப் பின்னாலதான உக்காந்திருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல? அவ்வளவு அடிச்சாகளே!"

"சொன்னா விட்டுருவாகளா? ஓம் ஆளுகதானடான்னு மூணு பேரையும் சேத்து அடிப்பாக. ஒரு ஆளோட போச்சுன்னா ரெண்டு நாள்ல ஆறிரும்னு நெனச்சேன்." உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் நெனைக்கல. பயந்து போயி வாய் வரல, அவ்வளவுதான். உங்கள மாதிரிதான்," என்றான்.

குமுளி ஸ்டாண்டில் இறங்கியதும் அவன் ஜீப்புகளுக்கு நடுவில் நுழைந்து மறைந்துவிட்டான்.

ஸ்டோரில் சேக் தாவூது ஏலக்காயைக் கிண்டி விட்டுக்கொண்டு, "எந்தா இத்தற லேட்டு?" என்று பாதி மலையாளத்தில் கேட்டார். ரம்லத், "பஸ்ஸு பஞ்சர்," என்று முந்திக்கொண்டார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். வட்டலப்பத்தைப் பிரித்து வைத்தார். ஒரு கைலி குறைகிறதே என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் காய்கிறது என்றார். அத்தனை பொய்யையும் வரிசையாக, குரல் மாறாமல் சொன்னவர், பிறகு பின்பக்கம் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

பெட்டியைக் கையில் வாங்கிய சேக் தாவூது உருகிய முதுகைத் தடவிப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "இன்னும் வேலை பாக்கி மாமா," என்றாள் சுமையா. "உள் சுவரச் சொரண்டிட்டா பேட்டரி உள்ளயே அடங்கிரும். வயரே வெளிய தெரியாது. புதுப் பேட்டரி போட்டு, ஃபியூஸ் ஒண்ணும் வைக்கணும். நானே வந்து இங்கன உக்காந்து செஞ்சு தர்றேன்."

"கம்பத்துக்கே கொண்டு போயிச் செய்யேன். இங்கன உனக்கு வசதி ஏது?"

"இல்ல மாமா. இது இங்கனயே இருக்கட்டும்."

இரண்டு வாரம் கழித்து அப்படித்தான் செய்தாள். அடுப்புத் திண்டில் சால்டரிங் கம்பியை வைத்து, செல் குழியின் உள் விளிம்புகளை அரத்தால் ராவி எடுத்து, புதுப் பேட்டரியையும் ஃபியூஸையும் பதித்து, மேலே பழைய மூடியையே போட்டு மூடினாள். வெளியிலிருந்து பார்த்தால் கடையில் வாங்கியது போலவே இருந்தது. சேக் தாவூது அதற்குப் பிறகும் அதில் பல வருஷம் ஆடினார். ஆனால் அது பின்னால் நடந்தது.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு இருவரும் குமுளி ஸ்டாண்டுக்கு வந்தார்கள். கையில் பை இல்லை, வெறுங்கை. கம்பம் பஸ் பாதி காலியாக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த சுமையா, டீக்கடை ஓரத்தில் அஷ்ரப் நிற்பதைப் பார்த்தாள். சட்டை மாற்றியிருந்தான். உதட்டில் பஞ்சு. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றான், ஏறவில்லை.

ரம்லத்தும் பார்த்துவிட்டார். ஜன்னல் வழியாகக் கையாட்டினார். "ஏலே தம்பி! வா, எடம் கெடக்கு. சேந்தே போயிரலாம்."

அவன் இரண்டடி முன்னால் வந்தான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான்.

"நீங்க போங்கம்மா. நான் அடுத்த பஸ்ஸுல வாரேன்."

"அடுத்தது ஆறு மணிக்குல்ல? இதுல என்னா?"

"பரவால்லம்மா. நீங்க போங்க."

"கூறுகெட்ட பய, இருட்டுல தனியா வரணுமா," என்று ரம்லத் முணுமுணுத்தார். மூன்று பேரும் ஒன்றாகப் போக அவன் ஏன் துணியவில்லை என்று சுமையாவுக்குப் புரிந்தது. அவள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் அசைத்தான். விசில் சத்தம் கேட்டு பஸ் நகர்ந்தது. அவன் டீக்கடைக்குள் போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.